கருவறையும் கூலியும்: கருக்கால மதுப்பாவனை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கருவுற்ற காலத்தில் தாய் அருந்தும் மது சேயைத் தாக்கும் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட அறிவியல் உண்மையாகும். ஆயினும், ஓர் உண்மை எச்சமூகத்தில், எவரால், எவரை நோக்கி எடுத்துரைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து அதன் சமூகப் பயன் வேறுபடுகின்றது. 'குடிகாரத் தாய்' என்னும் உருவம் மருத்துவ நூல்களில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஓவியத்திலும் நாவலிலும் துண்டுப்பிரசுரத்திலும் வார்க்கப்பட்டுவிட்டது. பின்னர் வந்த மருத்துவரும் நீதிபதியும் சட்டமியற்றுவோரும் அவ்வுருவத்தின் ஊடாகவே உண்மையான தாய்மாரைப் பார்த்தனர். இலக்கியத்தையும் சமூகத்தையும் இணைத்துக் கற்போர் இவ்விடயத்திற் கருத்துச் செலுத்தவேண்டியதன் நியாயம் இதுவேயாகும்.

மது சேயின் மூளையைத் தாக்கும் முறையை உயிரியல் விளக்குகின்றது. அம்மது கருவறையை வந்தடையும் வழியை உற்பத்தி உறவுகளே விளக்குகின்றன. இவ்விரண்டில் ஒன்றை விடுத்து மற்றதை மாத்திரம் பேசுவது அரைகுறை விளக்கமாகவே முடியும். அவ்வரைகுறை விளக்கத்தின் சுமை இறுதியில் தாயின் தலையிலேயே வந்து விழும். இக்கருத்தைத் தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் உயிரியல் அடிப்படையைச் சுருக்கமாக நோக்குவோம். தாயின் குருதியையும் சேயின் குருதியையும் பிரித்து நிற்கும் சூல்வித்தகம் பல பொருட்களைத் தடுத்து நிறுத்த வல்லது. ஆனால், மதுசாரத்தின் மூலக்கூறு மிகச் சிறியது. நீரிலும் கொழுப்பிலும் கலக்கும் இயல்புடையது. எனவே அது தடையின்றிச் சூல்வித்தகத்தைக் கடந்து செல்கின்றது. தாய் அருந்திச் சிறிது நேரத்திற்குள் சேயின் குருதியிலும் மதுசாரத்தின் செறிவு தாயின் குருதியிலுள்ள அளவை அண்மிக்கின்றது. தாயின் ஈரல் மதுசாரத்தைச் சிதைத்து அகற்ற வல்லது. சேயின் ஈரலோ அத்தொழிலுக்கு வேண்டிய நொதியங்களைப் போதிய அளவு பெற்றிருப்பதில்லை. சேய் மிதக்கும் பனிக்குட நீரும் மதுசாரத்தைத் தேக்கி வைத்திருப்பதால், தாய் தெளிவடைந்த பின்னரும் சேய் அதன் பிடியிலேயே இருக்கின்றது.

வளரும் மூளையில் நரம்புக் கலங்கள் பெருகித் தத்தம் இடங்களுக்குப் பெயர்ந்து ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளவேண்டும். மதுசாரம் இப்படிகள் யாவற்றையும் குலைக்கின்றது, கலங்களை அழிக்கின்றது, பெயர்ச்சியைத் திசை மாற்றுகின்றது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப்பட்டை சில குழந்தைகளில் மெலிந்தும், சிலரில் இல்லாமலும் காணப்படுகின்றது. முகம் உருவாகும் தொடக்க வாரங்களில் மதுசாரம் மிகையாகச் சென்றிருப்பின், குறுகிய கண் திறப்பும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கிய தோற்றமும், மெல்லிய மேலுதடும் உண்டாகின்றன. இவற்றோடு வளர்ச்சிக் குறைவும் சிறிய தலையும் மூளைச் செயற்பாட்டுக் குறைபாடுகளும் சேர்ந்து காணப்படும் நிலையே 'கருநிலை மதுசார நோய்க்குறித்தொகுதி' எனப்படுவது. முகம் உருவாகும் காலம் குறுகியது. மூளை வளரும் காலமோ கருக்காலம் முழுவதுமாகும். ஆகவே முகத்தில் எவ்வடையாளமும் இன்றியே மூளை பாதிப்புற்ற குழந்தைகள் பலர் உளர். கணக்கில் இடர்ப்படுபவராகவும், நினைவிற் கொள்ள இயலாதவராகவும், செயலின் விளைவை முன்னுணர மாட்டாதவராகவும் இவர்கள் வளர்கின்றனர். ஆசிரியர் இவர்களைச் சோம்பேறிகள் என்கின்றார். பின்னர் பொலிசார் குற்றவாளிகள் என்கின்றனர். இப்பரந்த தொகுதி முழுவதும் 'கருநிலை மதுசாரப் பாதிப்பு வரிசை' என்னும் பெயரால் இன்று வழங்குகின்றது.

மூவிடயங்கள் இங்கு மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, தீங்கற்றது என நிறுவப்பட்ட அளவோ காலமோ இல்லை. இரண்டாவது, ஒரே தடவையில் மிகையாக அருந்துவது மிகுந்த கேட்டை விளைக்கின்றது. மூன்றாவது, ஒரே அளவு அருந்திய தாய்மார் யாவரின் பிள்ளைகளும் ஒரே அளவிற் பாதிக்கப்படுவதில்லை. இம்மூன்றாவது உண்மையிலேயே சமூகவியலுக்கான வாயில் திறக்கின்றது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

3

இவ்வறிவு வளர்ந்த வரலாறு நேர்கோட்டில் அமைந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரத்து ஏழை மக்களிடையே 'ஜின்' என்னும் மலிவான மது வெள்ளமெனப் பரவியது. 1726 இல் இலண்டன் மருத்துவர் கல்லூரி பாராளுமன்றத்துக்கு விடுத்த முறையீட்டிலே, இம்மதுவினால் நலிந்த, நோயுற்ற குழந்தைகள் பிறக்கின்றனர் என எடுத்துரைத்தது. 1751 இல் வில்லியம் ஹோகார்த் வரைந்த 'ஜின் லேன்' என்னும் செதுக்கோவியத்தின் நடுவே போதையிற் கிடக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை படிக்கட்டுக்கு அப்பால் வீழ்கின்றது. அதே ஆண்டில் நாவலாசிரியரும் நீதவானுமாகிய ஹென்றி பீல்டிங், திருடர் பெருகியமைக்கான காரணங்களை ஆராய்ந்து வெளியிட்ட பிரசுரத்திலே ஜின்னில் ஊறிய கருவின் கதியைப் பற்றிக் கவலை தெரிவித்தார். அக்கவலையின் ஒரு பகுதி, நாட்டுக்கு வேண்டிய படைவீரரும் உழைப்பாளரும் எங்கிருந்து கிடைப்பர் என்பதாகும்.

ஓவியத்திற் காணப்படாத ஒன்று உண்டு. 1690 அளவில் ஆங்கிலப் பாராளுமன்றம் தானியத்திலிருந்து மது வடிப்பதைச் சட்டமியற்றி ஊக்குவித்தது. நிலவுடைமையாளரின் மிகைத் தானியத்துக்கு விற்பனை வழி தேவைப்பட்டது. அரசுக்கு வரி தேவைப்பட்டது. தாய் ஓவியத்தின் நடுவில் இருக்கின்றாள். தானியத்தின் உடைமையாளர் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றார். இவ்வமைப்பு பின்னரும் பலமுறை மீளத் தோன்றுவதைக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருவேறு விளக்கங்கள் எதிரெதிர் நின்றன. 1845 இல் வெளிவந்த 'இங்கிலாந்தில் தொழிலாளர் வர்க்கத்தின் நிலைமை' என்னும் நூலில் ஏங்கெல்ஸ், குடியைத் தொழிலாளியின் தனிப்பட்ட ஒழுக்கக்கேடாகக் கொள்ளாது, அவரை அந்நிலைக்குத் தள்ளிய வாழ்க்கைச் சூழலின் விளைவாகக் கண்டார். இயற்பண்புவாத நாவலோ வேறு வழியிற் சென்றது. எமிலி சோலாவின் 'லசொம்வார்' (1877) பாரிஸ் நகரத்துச் சலவைத் தொழிலாளி ஒருத்தியின் குடும்பம் குடியால் அழிவதைக் காட்டுவது. அவளது மக்களே 'நானா', 'ஜெர்மினல்', 'மனித மிருகம்' ஆகிய பின்வந்த நாவல்களின் முதன்மைப் பாத்திரங்கள். முன்னோரின் குடி அவர்கள் குருதியில் ஊழ்வினைபோலத் தொடர்கின்றது. சோலா தொழிலாளரின் வாழ்வை நாவலுக்குள் கொணர்ந்தமை பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின், சூழலால் விளைந்ததைப் பரம்பரையால் விளைந்ததாகக் காட்டும்போது, மாற்றத்தக்க ஒன்று மாற்றவியலாததாக ஆகிவிடுகின்றது. இக்கருத்தே பின்னர் இனமேம்பாட்டுவாதிகளின் கையில் ஆயுதமாயிற்று.

1899 இல் லிவர்பூல் சிறைச்சாலை மருத்துவர் வில்லியம் சல்லிவன் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. குடிப்பழக்கமுடைய 120 பெண்களின் 600 பிள்ளைகளுள் 335 பேர் இறந்து பிறந்தனர் அல்லது இரண்டு வயதுக்குள் இறந்தனர் என அவர் கண்டறிந்தார். அதே பெண்களின் குடிப்பழக்கமற்ற உறவினப் பெண்களின் பிள்ளைகளிடையே இவ்வீதம் மிகக் குறைவாக இருந்தது. அதனினும் முக்கியமானது பிறிதோர் அவதானமாகும். முன்னர் பல பிள்ளைகளை இழந்த பெண்கள் சிலர், கருவுற்ற காலத்தின் தொடக்கத்திலேயே சிறைப்பட்டு மதுவின்றி இருக்க நேர்ந்தபோது நலமான பிள்ளைகளைப் பெற்றனர். எனின், கேடு குருதிவழி வந்த சாபமன்று. கருக்காலத்தில் மது நேரடியாகச் செய்யும் தீங்கு. சோலாவின் ஊழை மறுக்கும் சான்று ஒரு சிறைக்கூடத்திலிருந்தே கிடைத்தமை வரலாற்றின் முரண்நகை எனலாம்.

இவ்வறிவும் நிலைக்கவில்லை. 1910 இல் இலண்டனில் இனமேம்பாட்டு ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எதெல் எல்டர்ட்டனும் கார்ல் பியர்சனும் பெற்றோரின் குடி பிள்ளைகளைக் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிப்பதில்லை என வாதித்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் மதுவிலக்கு நீக்கப்பட்ட பின்னர், இத்தகைய எச்சரிக்கைகள் ஒழுக்கவாதிகளின் மிகைக்கூற்றென மருத்துவ உலகத்தாலும் தள்ளிவைக்கப்பட்டன. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் பொருட்டுக் கர்ப்பிணிகளின் நாளத்தினூடாக மதுசாரம் செலுத்தும் சிகிச்சை நிலவியது என்பது இன்று வியப்பளிப்பதாகும். 1968 இல் பிரான்சின் நான்ற் நகரத்து மருத்துவர் போல் லெமுவான், குடிப்பழக்கமுடைய பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை உரிய கவனத்தைப் பெறவில்லை. 1973 இல் சியாற்றில் நகரிலிருந்து கென்னத் ஜோன்ஸ், டேவிட் சிமித் ஆகியோர் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுடனேயே இந்நோய்க்குறித்தொகுதிக்குப் பெயரும் ஏற்பும் கிடைத்தன.

4

இனி மேற்குக் கேப்பின் வரலாற்றுக்கு வருவோம். 1652 இல் அங்கு குடியேற்றத்தை நிறுவிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியே 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. கேப்பின் உழைப்புத் தேவைக்காக அக்கம்பனியின் காலத்தில் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றைச் சேர்ந்தோருடன் வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். ஆகவே இவ்வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1658 இல் அடிமைகளுக்கெனத் தொடங்கப்பட்ட பாடசாலையில், ஒழுங்காக வருவோர்க்கு ஒரு சிறு கிண்ணம் பிராந்தியும் சிறிது புகையிலையும் வழங்குமாறு தளபதி வான் றீபெக் பணித்தார். அடுத்த ஆண்டிலேயே கேப்பின் முதல் திராட்சை மது பிழியப்பட்டது.

அடிமை முறை 1834 இல் ஒழிக்கப்பட்டு, 'பயிற்சிக் காலம்' என்ற பெயரிலான கட்டாய உழைப்பும் 1838 இல் முடிவுற்றது. ஆனால் விடுதலை பெற்றோர்க்கு நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் மீண்டும் அதே தோட்டங்களிற் கூலிகளாயினர். கூலியின் ஒரு பகுதி மதுவாக, வேலைநாளின் பல்வேறு வேளைகளில் தகரக் குவளையில் அளந்து ஊற்றப்பட்டது. 'டொப்' முறை எனப்பட்டது இதுவே. ஆபிரிக்கான்ஸ் மொழியில் 'டொப்' என்பது ஒரு வாய் மதுவைக் குறிக்கும் சொல்.

இம்முறை முதலாளிக்கு மூவகையிற் பயன்பட்டது. பணக்கூலி குறைந்தது. சந்தைக்கு ஏற்காத தாழ்ந்தரமான மது செலவழிந்தது. யாவற்றுக்கும் மேலாக, தொழிலாளி தோட்டத்தை விட்டுச் செல்ல இயலாதவராகக் கட்டுண்டார். நிலவுடைமையாளரின் மிகைத் தானியம் இலண்டனில் ஜின்னாக வடிந்தது போல, மிகைத் திராட்சை இங்கு தொழிலாளியின் குவளையிலே வடிந்தது. மது உற்பத்தியாளர் தமது மிகை உற்பத்தியைச் சமாளிக்க 1918 இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அவர்தம் தொழிலாளர் அம்மிகையைத் தம் உடலாற் சமாளித்தனர்.

பெண் தொழிலாளரின் நிலை இன்னும் இறுக்கமானது. தோட்டத்து வீடு கணவனின் வேலையோடு இணைக்கப்பட்டிருந்தது. பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பருவகால வேலை. கணவனைப் பிரிவது வீட்டையும் இழப்பதாகும். குடியே ஓய்வாகவும் கூடிப் பழகும் வழியாகவும் ஆக்கப்பட்ட சூழலில், கருவுற்றவள் மாத்திரம் விலகி நிற்பாள் என எதிர்பார்ப்பது எளிது. நடைமுறையில் அது எளிதன்று.

'டொப்' முறை 1960களிலே சட்டத்தால் தடுக்கப்பட்டபோதும் 1990கள் வரை பல தோட்டங்களில் நீடித்தது. கூலிக்குப் பதிலாக மது வழங்குவதை 2003 ஆம் ஆண்டின் மதுபானச் சட்டம் மீண்டும் தெளிவாகத் தடைசெய்தது. ஆயின், முறை மறைந்தாலும் அது உருவாக்கிய பழக்கம் மறைவதில்லை. சம்பள நாளை அடுத்து வரும் வார இறுதியில் அனுமதியற்ற மதுக்கடைகளில் மிகையாகக் குடிக்கும் வழக்கம் அதன் இடத்தைப் பிடித்தது. முன்னர் முதலாளி ஊற்றிய மதுவைத் தொழிலாளி இப்போது தம் கூலியைக் கொடுத்து வாங்குகின்றார்.

விளைவை எண்கள் காட்டுகின்றன. மேற்குக் கேப்பின் வெலிங்டன் பகுதியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2000 இல் வெளியான ஆய்வின்படி, முழுமையான நோய்க்குறித்தொகுதி உடையோர் ஆயிரவருக்கு ஏறத்தாழ 40 முதல் 46 வரையினர். உலகில் அதுவரை பதிவான வீதங்கள் யாவற்றினும் இது உயர்ந்ததாக இருந்தது. இக்குறித்தொகுதியை உள்ளடக்கிய பரந்த வரிசையை எடுத்துக்கொண்டால், 2017 இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, உலகச் சராசரி ஆயிரவருக்கு 7.7 எனவும், தென்னாபிரிக்காவில் 111.1 எனவும் கணித்தது.

5

ஒரே அளவு மது ஒரே அளவு கேட்டை விளைப்பதில்லை என முன்னர் கூறினோம். 1987 இல் நியூயோர்க்கில் வெளியான ஆய்வொன்று, நாள்தோறும் பெருமளவு அருந்திய தாய்மாரின் இரு குழுக்களை ஒப்பிட்டது. வசதி படைத்த குழுவினரின் பிள்ளைகளுள் 4.5 வீதத்தினரே நோய்க்குறித்தொகுதியால் பாதிக்கப்பட்டிருந்தனர். வறிய குழுவிலோ அது 70.9 வீதம். ஆராயப்பட்டோர் தொகை சிறியதாயினும் வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. தென்னாபிரிக்க ஆய்வுகளும், பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் ஏனையோரினும் உடல் எடை குறைந்தவராகவும் ஊட்டம் குன்றியவராகவும் இருப்பதைச் சுட்டியுள்ளன. மெலிந்த உடலில் அதே மது குருதியில் உயர்ந்த செறிவை எய்துகின்றது. ஊட்டக்குறைவு சேயின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? வர்க்கம் என்பது உடலுக்கு வெளியே நிற்கும் ஒரு பின்னணியன்று. அது குருதியின் செறிவிலும் நரம்புக் கலத்தின் இறப்பிலும் செயற்படுவது. 'சமூகக் காரணி', 'உயிரியற் காரணி' என இரு பட்டியல்கள் வரைந்து பக்கத்துப் பக்கம் வைப்பது போதாது. ஒன்று மற்றதன் ஊடாகவே தொழிற்படுகின்றது.

முற்போக்காளர் சிலரிடம் காணப்படும் ஒரு தயக்கத்தையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். கருவின் நலம் பற்றிப் பேசுவது பெண்ணின் உடல்மீது ஆதிக்கம் செலுத்துவோருக்குத் துணைபோவதாக முடியும் என அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்கு ஆதாரம் உண்டு. எனினும், அதற்காக மதுவின் நேரடித் தீங்கைக் குறைத்துக் கூறுவது தவறாகும். பாதிக்கப்படுவோர் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. சுரண்டலின் மிகக் கொடிய விளைவொன்றை மறைப்பது சுரண்டப்படுவோருக்குச் செய்யும் நன்மையாகாது.

6

அறிவு கிடைத்தபின் அரசுகள் செய்தது என்ன? ஐக்கிய அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 1981 இல் கர்ப்பிணிகள் மதுவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினார். 1988 இன் சட்டப்படி 1989 முதல் மதுப்போத்தல்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்படுகின்றது. எச்சரிக்கை வேண்டியதே. ஆனால் அது உற்பத்தியாளரின் கடமையை ஒரு சிறு சீட்டோடு முடித்துவைத்து, எஞ்சிய பொறுப்பு முழுவதையும் வாசிப்பவளிடம் ஒப்படைத்துவிடுகின்றது.

தண்டனையை நாடியோரும் உளர். 2014 டிசெம்பரில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், கருக்காலத்தில் மிகையாக அருந்தித் தன் மகளைப் பாதித்த தாய் குற்றம் புரிந்தவளாவாளா என்ற வினா எழுந்தது. குற்றவியலால் பாதிக்கப்பட்டோருக்கான நட்டஈட்டை அப்பிள்ளைக்குப் பெற்றுக்கொடுப்பதே கேட்டவர்களின் நோக்கம். கரு சட்டப்படி தனியொரு 'ஆள்' அன்று என்பதால் குற்றம் நிகழவில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு உதவி கிடைப்பதற்குத் தாயைக் குற்றவாளியாக்க வேண்டியிருந்தது என்பதே இங்கு எண்ணிப்பார்க்கத்தக்கது. சட்டத்தின் அச்சம் பரவினால் குடிப்பழக்கமுடைய கர்ப்பிணி மருத்துவமனையைத் தவிர்ப்பாள். இழப்பு மீண்டும் சேய்க்கே.

இலங்கையிலும் பெண்ணையும் மதுவையும் பற்றிய சட்டமொன்று உண்டாயிற்று. 1979 இல் பெண்களுக்கு மதுபானம் விற்பது தடைசெய்யப்பட்டது. 2018 சனவரியில் நிதியமைச்சர் அத்தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி அந்நீக்கத்தை மீளப்பெறப் பணித்தார். அவ்வேளை எழுந்த விவாதம் பெரும்பாலும் பண்பாட்டைச் சுற்றியே நிகழ்ந்தது. மது உற்பத்தியினாலும் வரியினாலும் பயன்பெறுவோர் யாவர் என்ற வினா அதில் முதன்மை பெறவில்லை. ஹோகார்த்தின் சட்டகம் இங்கும் மாறவில்லை: பெண் நடுவில், உடைமையாளர் வெளியே.

மாற்றுவழி இல்லாமலில்லை. தென்னாபிரிக்காவின் வட கேப் மாகாணத்திலுள்ள டி ஆர் என்னும் ஊரில், ஒரு காலத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தமை பதிவாகியது. அப்பகுதியில், எவரையும் தண்டியாது, ஊர் முழுவதும் விழிப்பூட்டியும் கர்ப்பிணிகளுக்கு ஆதரவளித்தும் மேற்கொள்ளப்பட்ட தடுப்புத் திட்டத்தின் விளைவாக, பாதிப்பு வீதம் 8.9 இலிருந்து 5.7 ஆகக் குறைந்தமையை 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் மூளையை முன்னிருந்த நிலைக்கு மீட்க இயலாது. எனினும், குறைபாடு இளமையிலேயே இனங்காணப்பட்டு, நிலையான வீடும் ஏற்ற கல்வியும் கிடைக்குமாயின், பள்ளியிலிருந்து விலகுவதும் சிறை செல்வதும் போன்ற பின்விளைவுகள் பெரிதும் தவிர்க்கப்படுகின்றன. ஆனால் ஊர்வாரியான திட்டம் மாத்திரம் போதாது. வீட்டுரிமை கணவனின் வேலையிலிருந்து பிரிக்கப்படல் வேண்டும். பெண்ணுக்கு ஆண்டு முழுவதற்குமான வேலையும் போதிய கூலியும் உணவும் உறுதிப்படல் வேண்டும்.

7

அல்டஸ் ஹக்ஸ்லியின் 'துணிச்சலான புதிய உலகம்' (1932) என்னும் நாவலில் குழந்தைகள் போத்தல்களில் வளர்க்கப்படுகின்றனர். உடற்குறையுடைய மேல்தட்டு மனிதன் ஒருவனைப் பற்றி, அவன் போத்தலில் இருந்தபோது தவறுதலாக மதுசாரம் கலந்துவிட்டது என ஊரார் வதந்தி பேசுகின்றனர். அங்கே அது தொழிற்சாலையில் நேர்ந்த தவறு. தாய் என ஒருத்தி இல்லாமையால் பழி சுமத்தவும் ஒருத்தி இல்லை. கேப்பின் தோட்டங்களிலோ மதுசாரம் தவறுதலாகக் கலக்கப்படவில்லை. அது அளந்து, கணக்கிட்டு, கூலிப் புத்தகத்திற் பதிந்து ஊற்றப்பட்டது. தாய் இருந்தமையால் கணக்கெழுதியவர் மறைந்துகொண்டார்.

கருநிலை மதுசாரப் பாதிப்பு முற்றிலும் தடுக்கத்தக்கது என மருத்துவ நூல்கள் யாவும் கூறும். அக்கூற்று உண்மை. ஆனால் தடுக்கவேண்டியவர் யார் என்ற வினாவுக்கு 'தாய்' என்னும் ஒற்றைச் சொல்லே விடையாக அமையும்வரை அவ்வுண்மை பயனற்றதாகவே இருக்கும். குவளையை ஏந்திய கையோடு நில்லாது, அதனை நிரப்பிய கையையும், நிரப்புவதால் இலாபமடைந்த வர்க்கத்தையும் சேர்த்துக் காணும்போதே அறிவியல் முழுமை பெறுகின்றது. பிள்ளைக்கும் தாய்க்கும் ஒருசேர நீதி செய்யும் வழியும் அப்பொழுதே புலப்படும்.